பேஸ் வேரியன்ட் பிக்கப்புக்கு டாப் வேரியன்ட்டின் முகப்பு: எது எளிதாகப் பொருந்தும், எது சிக்கலாகும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாலஜன் ஹெட்லைட், கறுப்பு பிளாஸ்டிக் கிரில், வண்ணம் பூசாத பம்பர் ஆகியவற்றுடன் வந்த ஓர் அடிப்படை வேரியன்ட் பிக்கப் டிரக் இருக்கிறது. அதே மாடலின் உயர் வேரியன்ட்டில் வரும் எல்இடி ஹெட்லைட், குரோம் கிரில், வண்ணம் பூசிய பம்பர், ஃபாக் லைட் ஆகியவற்றை அதில் மாட்ட முடியுமா, வெட்டுவதும் வெல்டிங் வைப்பதும் தேவைப்படுமா, வயரிங்கில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதே கேள்வி.

மாட்ட முடியும். இரண்டு வேரியன்ட்களும் ஒரே தலைமுறையையும் ஒரே முகவடிவத்தையும் சேர்ந்தவை என்றால், தகடும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் தொழிற்சாலையில் இட்ட துளைகளிலேயே அமர்ந்துவிடும். சிரமம் முழுவதும் ஹெட்லைட்டின் மின்சாரப் பகுதியிலும், பம்பருக்குள்ளும் கிரிலுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் சென்சார்களிலும்தான் இருக்கிறது. பலர் கண்ணுக்கு அழகாகத் தெரியும் கிரிலை முதலில் வாங்கிவிட்டு, பிறகு ஹெட்லைட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள்: ஹெட்லைட்டை மாற்றுவதா வேண்டாமா என்பதை முதலில் தீர்மானித்தால், எந்த கிரில், எந்த பம்பர், எந்த பிராக்கெட் வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

பொருத்தத்தைப் பொறுத்தவரை, மாடல் ஆண்டை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள். ராம் 1500 டிரக்கின் புதிய தலைமுறை 2019 மாடலாக வந்தபோது, பழைய உடலமைப்பும் 'கிளாசிக்' என்ற பெயரில் அதே ஆண்டிலும் அதற்குப் பிறகும் விற்கப்பட்டது; ஆகவே '2019 ராம் ஹெட்லைட்' என்று விளம்பரப்படுத்தப்படும் பொருள் முற்றிலும் வேறுபட்ட இரண்டு வண்டிகளில் ஏதேனும் ஒன்றுக்கு உரியதாக இருக்கலாம். ஷெவர்லே சில்வராடோ 1500 டிரக்கிலும் 2022 மாடல் ஆண்டில் இதே நிலை ஏற்பட்டது: புதுப்பிக்கப்பட்ட முகத்துடன் ஒரு வண்டியும், முந்தைய முகத்துடன் 'எல்டிடி' என்ற பெயரில் மற்றொன்றும் விற்பனையில் இருந்தன. ஒரு தலைமுறையின் நடுவில் நிறுவனங்கள் செய்யும் இத்தகைய முகப்பு மாற்றத்தில் கிரில், ஹெட்லைட், பம்பர் மூன்றும் சேர்ந்தே மாறுவது வழக்கம். பானெட்டும் ஃபெண்டரும் சில வண்டிகளில் மாறும், சிலவற்றில் மாறாது. அவை மாறியிருந்தால் வேலை இரண்டு மடங்காகும் என்பதால், பாகப் பட்டியலில் அவற்றின் எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

அந்த ஒப்பீட்டுக்கு மிகவும் நம்பகமான கருவி 17 எழுத்து, எண்கள் கொண்ட வாகன அடையாள எண். உங்கள் வண்டியின் எண்ணையும், பாகம் கழற்றப்பட்ட வண்டியின் எண்ணையும் டீலரின் பாகப் பிரிவில் கொடுத்தால், இரண்டுக்கும் உரிய பாக எண்களைத் தனித்தனியே எடுத்துத் தருவார்கள். ஃபோர்டு வண்டிகளில் பாக எண்ணே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். முன்னொட்டின் முதல் எழுத்து அந்தப் பாகம் எந்த மாடல் ஆண்டுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. 'எஃப்' என்றால் 2015, 'ஜே' என்றால் 2018, 'எம்' என்றால் 2021. அடுத்து வரும் 'எல்3' என்பது எஃப்-150 டிரக்கைக் குறிக்கும். நடுவில் உள்ள அடிப்படை எண் பாகத்தின் வகையைச் சொல்லும்: 8200 என்றால் கிரில், 13008 என்றால் ஹெட்லைட், 17757 என்றால் முன் பம்பர். விற்பவர் அனுப்பும் புகைப்படத்தில் பாகத்தின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண் தெளிவாகத் தெரியும்படி கேட்டு வாங்குங்கள். அதைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

சகோதர மாடல்களிடமிருந்து முகத்தை எடுக்கும் எண்ணம் இருந்தால், அதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். சில்வராடோவும் ஜிஎம்சி சியாராவும் ஒரே சட்டகத்தின் மேல் நிற்பவைதான், ஆனால் முன்புறத் தகடுகள் வேறு. கிரிலை மட்டும் மாற்ற முடியாது, பானெட், ஃபெண்டர், ஹெட்லைட், பம்பர் அனைத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். ஃபோர்டு சூப்பர் டூட்டி 2017 முதல் எஃப்-150 டிரக்கின் கேபினையே பகிர்ந்துகொள்கிறது என்றாலும், அதன் முன்புறம் உயரமானது என்பதால் நேரடியாகப் பொருந்தாது. எஃப்-150 டிரக்கின் அகலமான வேரியன்ட்டான ராப்டரின் கிரிலில் காணப்படும் சிறிய ஆம்பர் விளக்குகளைப் பலர் அலங்காரம் என்றே நினைத்து வாங்கி மாட்டுகிறார்கள். 2032 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலமான வண்டிகளுக்கு அமெரிக்க விதி கட்டாயமாக்கிய விளக்குகள் அவை. ராப்டரின் ஃபெண்டர்கள் அந்த அளவுக்கு அகலமாக இருப்பதால்தான் அவை அங்கே இடம்பெற்றன.

இனி ஹெட்லைட். இந்த மாற்றத்தில் உண்மையான பயன் தரக்கூடிய பகுதி இது ஒன்றுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எல்இடி என்ற சொல்லைப் பார்த்ததும் வெளிச்சம் கூடும் என்று முடிவு செய்துவிடக் கூடாது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் பிக்கப் டிரக்குகளின் ஹெட்லைட்டுகளைச் சோதித்தபோது, மிக உயர்ந்த மதிப்பீட்டைப் பெற்றது ஹோண்டா ரிட்ஜ்லைனின் உயர் வேரியன்ட்டில் வரும் எல்இடி விளக்கு மட்டுமே. அன்றைய ஃபோர்டு எஃப்-150 டிரக்கின் ஹாலஜனும் சரி, கூடுதல் விலைக்குக் கிடைத்த எல்இடியும் சரி, இரண்டுமே மிகக் குறைந்த மதிப்பீட்டையே பெற்றன. ஒளியை உண்டாக்குவது எது என்பதைவிட, அந்த ஒளியைச் சாலையில் எப்படிப் பரப்புகிறார்கள் என்பதே தரத்தைத் தீர்மானிக்கிறது. அந்த நிறுவனம் வேரியன்ட் வாரியாகவே மதிப்பீடுகளை வெளியிடுவதால், நீங்கள் வாங்க நினைக்கும் விளக்கு அந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். தோற்றத்துக்காக மட்டும் மாற்றுவதாக இருந்தாலும் தவறில்லை. ஆனால் எதற்காகச் செலவழிக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஹாலஜன் ஹெட்லைட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் எல்இடி பல்பை மட்டும் சொருகும் குறுக்குவழியைத் தவிர்த்துவிடுங்கள். ஹாலஜன் பிரதிபலிப்பான், ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் மெல்லிய இழையிலிருந்து வரும் ஒளியை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்பட்டது. எல்இடி பல்பின் ஒளிப்பரப்பு அந்த இழையின் அளவிலும் இடத்திலும் சரியாக அமையாதபோது, ஒளி மேலே சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அதே நேரத்தில் தொலைவில் விழ வேண்டிய செறிவு குறைந்துவிடும். அமெரிக்காவின் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதி எண் 108 இன் கீழும் ஹாலஜன் ஹெட்லைட்டில் இத்தகைய மாற்று பல்புகளுக்கு இடமில்லை. மாற்றுவதென்றால் முழு ஹெட்லைட்டையே மாற்றுங்கள்.

முழு ஹெட்லைட்டை மாற்றும்போது மூன்று தடைகள் எதிர்ப்படும். முதலாவது கனெக்டர். ஹாலஜன் விளக்குக்கும் எல்இடி விளக்குக்கும் பின்களின் எண்ணிக்கையும் வரிசையும் பெரும்பாலும் வேறுபடும். இதற்காகவே பல மாடல்களுக்கு இடைப்பட்ட ஹார்னஸ் (இரு முனையிலும் கனெக்டர் கொண்ட வயர்த் தொகுப்பு) கிடைக்கிறது. அது இல்லாத இடத்தில் விபத்துக்குள்ளான உயர் வேரியன்ட் வண்டியிலிருந்து ஹெட்லைட்டோடு சேர்த்து கனெக்டரையும் ஒரு முழம் வயரையும் வெட்டி வாங்கிக்கொண்டு, இரண்டு வண்டிகளின் வயரிங் வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பின் பின்னாக இணைக்க வேண்டும். வயரின் நிறத்தை மட்டும் பார்த்து இணைப்பது ஆபத்தானது. இணைப்புகளைக் கிரிம்ப் செய்து, பசையுள்ள சுருங்கு குழாயால் மூட வேண்டும். வெறும் டேப் ஒட்டிய இணைப்பு பம்பருக்குப் பின்னால் உள்ள ஈரத்தில் நீண்ட நாள் தாங்காது.

இரண்டாவது, விளக்குகள் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான பாடி கன்ட்ரோல் மாட்யூல். ஓர் எச்11 ஹாலஜன் பல்பு 55 வாட் மின்சாரத்தை இழுக்கிறது. எல்இடி விளக்கு அதைவிட மிகவும் குறைவாக இழுப்பதால், பல்பு எரிந்துபோய்விட்டது என்று மாட்யூல் முடிவு செய்து எச்சரிக்கை தரலாம். இண்டிகேட்டர் 21 வாட் பல்பிலிருந்து எல்இடிக்கு மாறும்போது இருமடங்கு வேகத்தில் மினுக்குவதும் இதே காரணத்தால்தான். மேலும், பகல்நேர விளக்குக்காகப் பல வண்டிகள் ஹாலஜனுக்கு மின்சாரத்தை மிக வேகமாக அணைத்து அணைத்துக் கொடுத்து வெளிச்சத்தைக் குறைக்கின்றன; ஹாலஜன் இழை சூடாகவே இருப்பதால் நம் கண்ணுக்கு அது தெரியாது, எல்இடியிலோ அது துடிப்பாகத் தெரியும். இவற்றுக்கெல்லாம் சரியான தீர்வு, 'இந்த வண்டியில் எல்இடி ஹெட்லைட் இருக்கிறது' என்று மாட்யூலில் பதிவு செய்வதே. ரெசிஸ்டர் வைத்து மாட்யூலை ஏமாற்றுவது வேலை செய்யும் என்றாலும், அந்த ரெசிஸ்டர் மிகவும் சூடாகும். பிளாஸ்டிக்கின் மேல் அதைக் கட்டிவைப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

மூன்றாவது, அந்தப் பதிவை யார் செய்ய முடியும் என்பது. ஃபோர்டு வண்டிகளில் ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளையும் தகுந்த அடாப்டரையும் கொண்டு உரிமையாளரே மாட்யூலின் தொழிற்சாலை அமைப்பைப் படித்து மாற்ற முடிகிறது. மாற்றுவதற்கு முன் எல்லா மாட்யூல்களின் மூல மதிப்புகளையும் கோப்பாகச் சேமித்து, வண்டிக்கு வெளியே இன்னொரு பிரதியும் வைத்துக்கொள்வது கட்டாயம். ராம் உள்ளிட்ட ஃபியட் கிரைஸ்லர் குழுமத்தின் வண்டிகளில் 2018 முதல் பாதுகாப்பு கேட்வே மாட்யூல் வரத் தொடங்கியதால், அங்கீகாரம் இல்லாத கருவிகள் எதையும் எழுத முடியாமல் தடுக்கப்படுகின்றன. அங்கே அங்கீகாரம் பெற்ற ஸ்கேன் கருவி வைத்திருக்கும் பணிமனையின் உதவி தேவைப்படும். எந்த வண்டியாக இருந்தாலும், பதிவு செய்யும் வழி உறுதியான பிறகே விளக்கை வாங்குங்கள்.

பழைய எல்இடி ஹெட்லைட் வாங்கும்போது கண்ணாடியின் கீறலைவிட, பின்புறத்தில் உள்ள பொருத்தும் காதுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்புற விபத்தில் முதலில் உடைவது அவையே. ஒட்டிய காது அதிர்வில் மீண்டும் விட்டுவிடும், விளக்கின் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே நீர்த்துளிகள் படிந்திருந்தால் எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் மாட்யூலுக்கும் ஈரம் போயிருக்கும் என்று கருதி ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று: வேறு நாட்டுச் சந்தையிலிருந்து வந்த விளக்கானால், அது இடதுபுறம் ஓட்டும் சாலைக்கானதா வலதுபுறம் ஓட்டும் சாலைக்கானதா என்று பாருங்கள். ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் போன்றவை இரண்டு வகை நாடுகளிலும் விற்பனையாகின்றன. லோ பீமின் வெட்டுக்கோடு, அதாவது வெளிச்சம் முடியும் மேல் விளிம்பு, சாலையோரத்தின் பக்கம் மேலேறும்படி அமைக்கப்படுவதால், மாற்றுப் பக்க விளக்கை மாட்டினால் அந்த ஏற்றம் நேராக எதிர் வண்டியின் ஓட்டுநர் முகத்தில் விழும். திருகைத் திருப்பிச் சரிசெய்யக்கூடிய குறை அல்ல அது.

ரேடார் உள்ள வண்டிகளில் கிரிலையும் பம்பரையும் தொடுவதற்கு முன் அந்த ரேடார் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்புற ரேடார் 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே அதன் முன்னால் இருக்கும் பிளாஸ்டிக்கின் தடிமன்கூட அந்த அலைக்கேற்பக் கணக்கிடப்பட்டது. வெளியிலிருந்து சாதாரண குரோம் போலத் தெரியும் சில நிறுவனச் சின்னங்கள் உண்மையில் ரேடார் அலை ஊடுருவிச் செல்லும்படி மிக மெல்லிய இண்டியம் பூச்சு கொண்டவை. அவற்றின் இடத்தில் சாதாரண குரோம் சின்னத்தையோ, உலோகத் துகள் கலந்த பெயின்ட்டையோ வைத்தால் ரேடார் குருடாகிவிடும். கழற்றி மாட்டியபின் கோணம் ஒரு டிகிரி விலகினால், 100 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 1.75 மீட்டர் பக்கவாட்டு விலகலாகிறது. அது அரை லேன் அளவு. பக்கத்து லேனில் போகும் வண்டிக்காக உங்கள் வண்டி பிரேக் போடலாம், அல்லது முன்னால் நிற்கும் வண்டியைக் கவனிக்காமல் விடலாம். எனவே ரேடாரையோ அதன் பிராக்கெட்டையோ அசைத்திருந்தால், தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி காலிபரேஷன் (கோணத்தை மீண்டும் துல்லியமாக்குவது) செய்யும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடிப்படை வேரியன்ட்டில் ரேடாரே இல்லை என்றால், உயர் வேரியன்ட் கிரிலில் அதற்கான இடம் காலியாகவே இருக்கட்டும். முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே மாற்றும் அடாப்டிவ் குரூஸ் வசதியைச் சேர்ப்பது பிரேக் மாட்யூல் வரை போகும் வேறொரு வேலை. அதை இந்தத் திட்டத்தோடு கலக்க வேண்டாம்.

பம்பரில் முக்கியமான முடிவு சென்சார் துளைகள். குரோம் பம்பர் என்பது அழுத்தி வடித்த எஃகின் மேல் நிக்கலும் குரோமியமும் ஏற்றியது. பூச்சு ஏற்றிய பிறகு அதில் துளையிட்டால், துளையின் விளிம்பிலிருந்து பூச்சு உரியத் தொடங்கி, துரு உள்ளே புகும். பார்க்கிங் சென்சார் வேண்டும் என்றால் துளைகளோடு வந்த பம்பரையே வாங்குங்கள். சென்சார் இல்லாமல் அந்த பம்பர் கிடைத்தால் அடைப்பான்களால் மூடிவிடலாம். ஃபாக் லைட்டுக்கான கனெக்டர் பல அடிப்படை வண்டிகளில் ஹார்னஸிலேயே டேப் சுற்றி மடக்கி வைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் இருக்காது. கீழே படுத்து பம்பருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. முன் கொக்கிகள் உள்ள வண்டியா இல்லாத வண்டியா என்பதைப் பொறுத்தும் பம்பரின் வெட்டுவாய்கள் மாறும்.

பம்பருக்குப் பின்னால் உள்ள மோதல் தாங்கியையும், சட்டகத்தோடு சேரும் பிராக்கெட்டுகளையும், காற்றுத் தடுப்பையும் தேவையற்றவை என்று நினைத்துக் கழற்றி வைத்துவிட்டு மாட்டும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். இது எனக்கு உண்மையான கவலையைத் தருகிறது. மோதலின் விசை எந்த நேரத்தில் எவ்வளவு வந்து சேரும் என்பதை வைத்துத்தான் ஏர்பேக் விரிய வேண்டிய தருணம் கணக்கிடப்படுகிறது. முன்புற மோதல் சென்சார்கள் ரேடியேட்டர் தாங்கியிலோ பம்பர் பீமிலோ இருப்பதால், வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டே அந்தக் கனெக்டர்களைத் தொட வேண்டும்.

கிரில் எளிதானது. அதன் பின்னால் காற்றை மூடித் திறக்கும் ஷட்டர் உங்கள் வண்டியில் இருந்தால், அதைப் புதிய கிரிலோடு மீண்டும் பொருத்தி மோட்டாரின் கனெக்டரையும் இணையுங்கள். விட்டுவிட்டால் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும். வெளிச்சந்தையில் கிடைக்கும் அடர்த்தியான வலைக் கிரில்கள் காற்றோட்டத்தைக் குறைக்கக்கூடும் என்பதால், டர்போ என்ஜினோடு பாரம் இழுக்கும் வண்டிக்கு நிறுவனத்தின் கிரிலே பாதுகாப்பானது.

பானெட்டும் ஃபெண்டரும் ஒன்றாக இருந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் உலோகத்தைக் கவனியுங்கள்: எஃப்-150 டிரக்கின் உடல் 2015 மாடலிலிருந்து அலுமினியம். அலுமினியமும் பூச்சற்ற எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பதால், பூச்சு கொண்ட அசல் போல்ட்டுகளையே பயன்படுத்த வேண்டும்; எஃகைத் தேய்த்த அதே தேய்ப்பான் அலுமினியத்தில் படக்கூடாது.

வாங்கும் முறையில் என் பரிந்துரை, ஒரே வண்டியிலிருந்து கழற்றிய முழு முகப்பை வாங்குவது. தனித்தனியாகச் சேர்த்தால் விலை குறைவாகத் தோன்றும்; ஆனால் பிராக்கெட், பக்கத் தாங்கிகள், கிளிப், ஓரப்பட்டை, கனெக்டர் என்று ஒவ்வொன்றையும் தேடும்போது அந்த மிச்சம் கரைந்துவிடும். புதிய மாற்றுப் பாகம் வாங்குவதாக இருந்தால், மாற்றுப் பாகங்களின் தரத்துக்குச் சான்றளித்து 1987 முதல் இயங்கும் காப்பா அமைப்பின் சான்று முத்திரை உள்ளதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் கிளிப்புகளைப் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். பழையவற்றில் பாதி கழற்றும்போதே உடையும்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை தளர்வாக மாட்டிப் பாருங்கள். விபத்து வண்டியின் பம்பரில் கண்ணுக்குத் தெரியாத முறுக்கு இருந்தால் அது அப்போதுதான் வெளிப்படும். மாட்டும்போது பானெட்டின் இடைவெளியை அளவுகோலாகக் கொண்டு ஃபெண்டர், ஹெட்லைட், கிரில், கடைசியில் பம்பர் என்று வெளிநோக்கி வந்தால் கோடுகள் நேராக அமையும். எல்லா போல்ட்டுகளும் நுழைந்த பிறகே எதையும் இறுக்க வேண்டும்.

இறுதி வேலை ஹெட்லைட்டின் கோணம். சமதரையில், வழக்கமாக ஏற்றும் பாரத்துடன், டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சுவரிலிருந்து 10 மீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய விதிமுறையைப் பின்பற்றும் விளக்குகளில் சாய்வு விகிதம் விளக்கின் மீதோ வண்டியின் தகட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும். 1 சதவீதம் என்றால் வெட்டுக்கோடு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கின் உயரம் ஒரு மீட்டரைத் தாண்டும் வண்டிகளுக்கு அந்த விதிமுறை 1.5 முதல் 2 சதவீதம் வரையிலான தொடக்கச் சாய்வைக் கேட்கிறது, அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர். அமெரிக்க விளக்குகளுக்கு அளவு வேறு. அதைப் பழுதுபார்ப்புக் கையேட்டிலிருந்து எடுங்கள். பின்தொட்டியில் பாரம் ஏறும்போது மூக்கு மேலே எழும் என்பதால், உயரத்தைச் சரிசெய்யும் வசதி பழைய விளக்கில் இருந்திருந்தால் புதிய விளக்கிலும் அது இயங்குகிறதா என்று சோதித்துப் பாருங்கள். பிறகு மாற்றிய பாகங்களின் ரசீதுகளோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பின் அடிப்படை வேரியன்ட்டின் பாக விலையை மட்டும் கணக்கிடுவார்கள் என்ற சிக்கல் அதனால் தவிர்க்கப்படும். கழற்றிய ஹாலஜன் விளக்குகளையும் கிரிலையும் உடனே விற்றுவிடாமல், புதியவை ஒரு மழைக்காலத்தை ஈரம் புகாமல் கடக்கும் வரை வைத்திருங்கள்.